ரேகை இல்லாத கட்டைவிரல்

ஏழாம் நம்பர் கட்டிலில் ஃபோன் அடித்தது.

எடுக்க வேண்டியவன் செத்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது!

தனகோடி. ஐம்பத்தெட்டு வயசு. முள்ளிப்பட்டில் ஒண்டியாகத் தறி நெய்தவன். காலில் புண். ரத்தம் முழுக்க விஷம். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றி, ஆரணியில் இந்தத் தனியார் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

ஐ.சி.யு.வில் மூன்று நாள். பார்க்க ஒரு ஈ கூட வரவில்லை.

நர்ஸ் கலையரசி தலையணைக்கு அடியிலிருந்த பட்டன் ஃபோனை எடுத்தாள்.

"யோவ்! திங்கக்கெயம இன்னாத்துக்கு இருபத்தோரு தடவ அடிச்சிகினு இருந்த? எட்டு வருஷம் கயிச்சி பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சா?"

கலையரசி சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா... அவர் இறந்துட்டார். கிளம்பி வாங்க."

மறுமுனையில் வெறும் தறிச் சத்தம்... அதுவும் நின்றது.

பெரணமல்லூரிலிருந்து அவன் மனைவி கற்பகம் வந்து சேர்ந்தபோது மணி பகல் ஒன்று.

ஒன்றரைக்கு அலறினாள்!

"இது என் கைநாட்டு இல்ல!"

ஃபைலில் ஒரு தாள். திங்கட்கிழமைத் தேதி. புது மருந்து ஆராய்ச்சியில் நோயாளியைச் சேர்க்கச் சம்மதம். உறவு: மனைவி. பெயர்: கற்பகம். கீழே நீல மையில் ஒரு கட்டைவிரல்.

"என் பேர்ல பொய்க் கைநாட்டு வெச்சி, எதையோ ஏத்தி அந்தாளைக் கொன்னுட்டாங்க!"

இன்ஸ்பெக்டர் ராமதாஸ் இருபது நிமிஷத்தில் வந்தார். மைப் பெட்டியோடு!

"கட்டைவிரலை வைம்மா."

வைத்தாள்.

தாளில் ஒரு நீலக் கறை. ஒரு கோடு கூட இல்லை!

"முப்பது வருஷமா பட்டு நூலை முறுக்கிப் பாவு பிணைக்கிற கை சார். ரேஷன் கடை மிஷினே எடுக்காது. பேஜார்னு கையெழுத்துப் போடக் கத்துகினேன்."

ஃபைலிலிருந்த கைநாட்டில் ஒவ்வொரு ரேகையும் எண்ணிவிடலாம் போலிருந்தது.

ராமதாஸ், டாக்டர் ஜீவானந்தத்தின் பக்கம் திரும்பினார்.

"இன்னா டாக்டர்? ஆராய்ச்சிக்கு ஆள் பத்தலியா?"

"சார்... நான் வரும்போதே ஃபாரம் ரெடியா இருந்தது. மனைவி வந்து வெச்சிட்டுப் போனாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. நம்பிட்டேன்."

"எந்த சிஸ்டர்?"

கலையரசி தன் கட்டைவிரலை நீட்டினாள். நக இடுக்கில் இன்னும் நீலம்!

"நான்தான் சார். பேரு அவர் ரேஷன் கார்டுல இருந்தது."

"யார் சொல்லிச் செஞ்ச?"

"யாரும் சொல்லல. எந்த மருந்துக்கும் பிரஷர் ஏறல. புது மருந்தை ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். உறவுக்காரங்க சம்மதம் வேணும். அவர் ஃபோன்லேர்ந்து இவங்களுக்கு இருபத்தோரு தடவ அடிச்சேன். எடுக்கல. மணி ஓடிச்சி... பக்கத்துல நான் ஒருத்திதான் இருந்தேன்."

கற்பகத்தின் குரல் இறங்கியது.

"அப்போ... அடிச்சது அந்தாளு இல்லியா?"

"வந்ததிலேர்ந்தே அவருக்கு நினைவில்லம்மா."

"மருந்துதான் கொன்னுதுன்னா இது வேற கேஸ் ஆயிடும்," என்றார் ராமதாஸ்.

டாக்டரின் ஃபோன் அடித்தது! சென்னையிலிருந்து, ஆராய்ச்சி நடத்துகிறவர்கள். கேட்டார். மெதுவாக வைத்தார்.

"சார்... இந்த ஆராய்ச்சில பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு இங்க யாருக்கும் தெரியாது. இப்பதான் ரகசிய நம்பரைத் திறந்து பார்த்திருக்காங்க..."

"தனகோடிக்கு?"

"உப்புத்தண்ணி!"

ராமதாஸ் கலையரசியின் பக்கம் திரும்பினார்.

"அப்போ கொலை இல்ல. ஆனா கள்ளக் கைநாட்டு, கைநாட்டுதான். கெளம்பும்மா ஸ்டேஷனுக்கு. உப்புத்தண்ணிக்காக உள்ள போற மொத ஆளு நீதான்."

கற்பகம் ஏழாம் நம்பர் கட்டிலைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் மேல் கலையரசியின் சாப்பாட்டு டப்பா. மூன்று நாளும் அந்த ஸ்டூலில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இருங்க சார். எழுதிக்கோங்க. அது என் கைநாட்டுதான்."

"யம்மா! உன் கைல ரேகையே இல்லியே?"

கற்பகம் மழுங்கிய கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"திங்கக்கெயம இருந்துச்சி சார். மூணு நாள்ல தேஞ்சிப்போச்சி!"