கையை விட்டால் விழும்

மூன்றாவது சிமுலேட்டரில் ட்ரோன் ஒரு தடவைகூட விழவில்லை. அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

அவள் நில அளவையாளர். கோணமும் தூரமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அலுவலகம் ஆசையாக வாங்கிய ட்ரோனை முதல் நாளே விளக்குக் கம்பத்தில் மோதிச் சுக்குநூறாக்கிவிட்டாள். அதிகாரி திட்டக்கூட இல்லை. "திங்கட்கிழமை வேற ஒண்ணு வருது. நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதனால்தான் இந்தச் சாயங்காலம், கணவரும் மகளும் வெளியே போயிருந்த நேரத்தில், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, ரிமோட்டை ஒயரால் அதில் இணைத்து, மாதிரி விமானப் பைத்தியமான தம்பி சொன்ன சிமுலேட்டர்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாவது சின்னப்பிள்ளை விளையாட்டு. மரத்தில் மோதினால் மரமே வழிவிட்டது. இரண்டாவது பந்தய ட்ரோன்களுக்கானது. அந்த வேகத்துக்கு அவள் கை ஈடுகொடுக்கவில்லை. மூன்றாவதில், ட்ரோனின் கேமரா வழியே, ஒரு புல்வெளி. மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம். காற்றில் புல் சாய்வதைப் பார்த்தாலே கன்னத்தில் குளிர் பட்டது. இதையே வாங்கிவிடலாம் என்று நினைத்து, சோதிப்பதற்காக ட்ரோனை நேராக ஒரு மரத்தின் மேல் விட்டாள். கடைசி நொடியில் யாரோ பிடித்து இழுத்தது போல அது விலகி, பூப்போல இறங்கியது.

தம்பிக்கு போன் போட்டாள்.

"விழவே மாட்டேங்குதுடா. தானா சமாளிக்கிற மாதிரி ஏதாவது வச்சிருக்கானா?"

"மூணாவதுலயா? அதெல்லாம் கிடையாதுக்கா. கையை விட்டா கல்லு மாதிரி விழும். அதுக்குத்தான் அதைச் சொன்னேன்."

"அப்ப நான் நல்லா ஓட்டுறேன் போல."

"நீயா?" சிரித்தான். "பக்கத்துல யாரு, மாமாவா?"

"அவர் வீட்ல இல்லையே. ஏன்?"

"யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது."

"ஃபேன் சத்தம்டா" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறி ஓடவில்லை.

ட்ரோனை மறுபடி மேலே ஏற்றினாள். ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அது விழவில்லை.

மேசை மேல், ரிமோட்டின் இயக்குக் குச்சி மெல்ல முன்னால் சாய்ந்தது. திரையில் புல்வெளி பின்னால் நழுவியது. வேலி. ஒரு தார்ச்சாலை. வரிசையாக வீடுகள். இப்படி ஒரு தெருவை அந்த சிமுலேட்டரில் அவள் பார்த்ததே இல்லை. ஊறிக் கிடந்த துணியின் வாடை அறைக்குள் எங்கிருந்தோ வந்தது.

பதறிப்போய் ரிமோட்டைப் பற்றிக் குச்சிகளைப் பின்னால் இழுத்தாள். அசையவில்லை. அவள் கட்டைவிரல்கள் மேல் ஏதோ அழுந்தியது. ஈரமாக. சில்லென்று. கையை எடுக்கப் பார்த்தாள்.

எடுக்க முடியவில்லை.

ட்ரோன் ஒரு வீட்டுச் சுவரை ஒட்டித் தாழ்ந்தது. கொடியில் மகளின் சீருடை. ஜன்னல். உள்ளே விளக்கு. சாப்பாட்டு மேசை, லேப்டாப்பின் வெளிச்சம், நாற்காலி.

நாற்காலியில் தன் முதுகைத் தேடினாள்.

தெரியவில்லை. அவளை முழுக்க மறைத்தபடி வேறொரு முதுகு குனிந்திருந்தது. அகலமானது. நனைந்தது. இரண்டு நீளக் கைகள் அவளைச் சுற்றி வந்து மேசைக்குப் போயிருந்தன. அவளுடையது என்று தெரிந்தது நைட்டியின் ஒரு ஓரம் மட்டும்.

 

திரையில் அந்தத் தலை, கேமராவைப் பார்க்க, நிதானமாக ஜன்னல் பக்கம் திரும்பியது.

அவள் கன்னத்தை உரசிக்கொண்டு, ஈரமான ஒரு கன்னம் நகர்ந்தது.