வெளியே வந்த நேரம்

வாளியில் கிடந்த வெள்ளையடிக்கும் மட்டை ஈரமாக இருந்தது.

வழக்கம்போல, தான்தான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று இசக்கிசெல்வி முதலில் நினைத்தாள். மழைக்காலப் பிற்பகல், அந்தப் பழைய சுக்குக் கிடங்கில் எதுதான் ஈரமாக இல்லை? ஆனால் மட்டையின் நாரிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டி, வாளிக்குள் டப் டப்பென்று விழுந்துகொண்டிருந்தது. கைப்பிடியில் சுற்றியிருந்த நீலத் துணி அவளுடைய பழைய பள்ளிச் சீருடைத் துப்பட்டா. கை வழுக்குகிறது என்று அண்ணன் சொன்னதற்காக அவளே கிழித்துச் சுற்றிக் கொடுத்தது.

அண்ணன் பாண்டியராஜன் காணாமல் போய் அறுபத்தேழு நாளாகிறது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்தக் கிடங்கில் இப்போது துப்பாக்கி செய்கிறார்கள். சனிக்கிழமைகளில் சீட்டு வாங்கினால் யாரும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். இங்கேதான் அண்ணன் வெள்ளையடிக்கும் வேலைக்கு வந்தான். ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு பத்துக்குத் தோப்பும்படி வீட்டை விட்டுக் கிளம்பினான். அதற்குப் பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றது கம்பெனி. ஊருக்குப் போயிருப்பான், தமிழ்ப் பணிக்காரர்கள் அப்படித்தான் என்றார்கள் போலீஸ் ஸ்டேஷனில். சொல்லிச் சொல்லி, தனக்கே நாளும் நேரமும் குழம்பிவிட்டதோ என்று அவள் பயப்படும் அளவுக்கு ஆக்கிவிட்டார்கள். அவள் படிக்கும் மாலை வகுப்பில் டீச்சர் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால் அவளும் நம்பியிருப்பாள். எட்டு பத்து என்று அதில் எழுதியிருந்தது. இந்த வாசலைத் தாண்டி உள்ளே போன அண்ணன் வெளியே வரவில்லை என்று கம்பெனியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் முன்னூறு ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தாள்.

சுற்றிக் காட்டியவன் பினு. பேச்சுக்காரன். குழல் கடையும் இயந்திரங்கள், எண்ணெய் தடவிக் காயப் போட்ட மரக்கட்டைகள் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கடைசியாக, சீட்டு வாங்கி வந்த எட்டுப் பேரையும் சுடும் கூடத்துக்குக் கூட்டி வந்தான். ஜன்னலே இல்லாத நீளமான கூடம். சுவரில் ஊறிப்போன சுக்கு வாடையோடு வெடிமருந்துக் கரிப்பும் சுண்ணாம்பின் பச்சை வாடையும் கலந்து அடிநாக்கில் கசந்தன. இந்தக் கோடியில் ஒரு கயிறு, அதன் பக்கத்தில் அந்தச் சுண்ணாம்பு வாளி, ஒரு மேசை, இரும்புத் தாங்கியில் இறுக்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி. நாற்பது கெஜம் தள்ளி அந்தக் கோடியில், ஒற்றை விளக்கின் கீழ், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரும்புத் தகடு. வெள்ளை வெளேரென்று இருந்தது.

தகட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுச் சுடுவோம், ஈயக் குண்டு பட்ட இடமெல்லாம் கருப்பாகத் தெரியும், குண்டுகள் சீராகப் பரவினால் துப்பாக்கி நல்லது என்று பினு விளக்கினான். கதவோரம் ஆணியில் தொங்கிய நோட்டையும் பெருமையாகக் காட்டினான். கயிற்றைத் தாண்டித் தகடு வரை போகிறவர் யாரானாலும் பெயரும் உள்ளே போன நேரமும் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் வெளியே வந்த நேரம். இரண்டு கட்டமும் நிரம்பாமல் ஒரு தோட்டா வெடிக்காது.

"இப்ப யாரு வெள்ளை அடிக்கிறா, சேட்டா?" என்று கேட்டாள்.

பினு வாளியைப் பார்க்காமல் பதில் சொன்னான். "ஆளில்ல சேச்சி. ரெண்டு மாசமா ஆளே இல்ல." சிரிக்கப் பார்த்தான். "காலையில வந்து பார்த்தா அடிச்சிருக்கும்."

கூட்டத்தில் இருந்த காக்கநாட்டு ஐ.டி. ஜோடி அதைக் கேட்டுச் சிரித்தது. அவர்கள் காதுமூடிகளை மாட்டிக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கியபோது, இசக்கிசெல்வி நோட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். முதல் பக்கம், முதல் வரி: ஜூன் பதினேழு, பிற்பகல் மூன்று மணி. அன்று காலை எழுதிய நோட்டு எங்கே? அன்று மத்தியானம் புது நோட்டுப் போட வேண்டிய அவசியம் என்ன?

நோட்டை அவள் திரும்ப மாட்டவில்லை.

மேசைக்குப் பின்னால் நின்றவர் வெங்கிடேஸ்வரன். சுட்டுப் பார்ப்பதுதான் அவர் வேலை, எல்லோருக்கும் சாமி. காக்கிச் சட்டை, நெற்றியில் சந்தனம். தோட்டாவைப் போட்டார், தாங்கியைச் சரிபார்த்தார், விசையைத் தொட்டார்.

வெடித்தது.

காதுமூடி போடாத அவளுக்குக் கூடமே ஒரு பெரிய கையால் அறைந்தது போலிருந்தது. புகை விலகியது. தகடு முழுக்கக் கருப்புப் புள்ளிகள், அம்மை போட்ட மாதிரி. நடுவில் மட்டும் இல்லை. நடுவில் ஒரு தலை. இரண்டு தோள். மேலே தூக்கிய ஒரு கை. அந்த வடிவத்துக்குள் ஒரு புள்ளிகூட இல்லை. அங்கே யாரோ நின்று அத்தனை குண்டையும் வாங்கிக்கொண்டது போல வெள்ளை.

ஐ.டி. பையன் கைதட்டினான். இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டான்.

"குழல்ல கோளாறு," என்றார் வெங்கிடேஸ்வரன். அவர் குரல் உலர்ந்திருந்தது.

இசக்கிசெல்வி தகட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புள்ளிகள் மறையத் தொடங்கின. மேலிருந்து கீழாக ஒரு பட்டை, அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு குறுக்கே. முதல் பூச்சு நெட்டுக்கு, அடுத்தது குறுக்குக்கு. அண்ணன் வீட்டுச் சுவருக்கு அடிக்கும்போது பேசாமல், அவசரமே படாமல் அப்படித்தான் அடிப்பான். அவள் வாளியைத் திரும்பிப் பார்த்தாள். மட்டை அதில் இல்லை.

அவள் பேனாவைத் திறந்தாள். நோட்டில் எழுதினாள்: பாண்டியராஜன், ஜூன் 17. உள்ளே போன நேரம் தெரியவில்லை என்பதால், வீட்டிலிருந்து கிளம்பிய நேரத்தை அடைப்புக்குள் போட்டாள். வெளியே வந்த நேரம் காலி.

"சாமி, இனி சுடக் கூடாது. உள்ள ஆள் இருக்கு." நோட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நான் அவன் தங்கச்சி."

பெயரைப் படித்ததும் வெங்கிடேஸ்வரனின் முகத்தில் ஏதோ அறுந்து விழுந்தது. பினு நோட்டை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இரண்டு மாதமாக ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் குனிந்து நின்ற கழுத்து அன்று குனியவில்லை.

"அங்க யாருமில்ல. பாரு, இப்பப் பாரு," என்று அவர் இரண்டாவது குழலால் சுட்டார்.

புகை. புள்ளிகள். இந்த முறை வடிவம் பெரிது. தலை மட்டுமே தகட்டில் பாதி. தோள்கள் இரண்டு விளிம்பையும் தாண்டிப் போயின. கரண்ட் போன இரவுகளில் மெழுகுவர்த்தி முன் கை வைத்து அண்ணன் விளையாட்டுக் காட்டுவான். கை திரிக்குப் பக்கத்தில் வர வர நிழல் சுவரை நிறைக்கும்.

பக்கத்தில் வர வர.

கைதட்டல் இல்லை. யாரோ காதுமூடியைக் கீழே போட்டார்கள். எட்டுப் பேரில் ஏழு பேரும் கதவை நோக்கிப் போனார்கள், பினு அவர்களுக்கு முன்னால் போனான். கதவு திறந்த இடத்தில் மழைச் சத்தம் ஒரு தடவை உள்ளே வந்து போயிற்று.

தகட்டில் மறுபடி வெள்ளைப் பட்டைகள் இறங்கிப் புள்ளிகளை மூடின. வெங்கிடேஸ்வரன் தோட்டாவைத் திணித்தார். ஒன்று கீழே உருண்டது.

"அன்னிக்கு நான் கூப்பிட்டேன், கொழந்தே," என்றார். "ரெண்டு தடவ கூப்பிட்டேன். சத்தமாத்தான் கூப்பிட்டேன். பதில் வரல்லே."

அவன் காதில் பஞ்சு இருந்தது. வெடிச்சத்தத்தில் காது அடைக்கிறது என்றபோது அந்தப் பஞ்சை அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். பஞ்சு இருந்ததால் அவனுக்கு ஏதாவது கேட்காமல் போயிற்றோ என்று அறுபத்தேழு நாளும் அவளைத் தின்றது அதுதான். தான்தான் காரணமோ, தான்தானோ. இப்போது நோட்டு கையில் கனத்தது.

"கூப்பிடச் சொல்லி யாரும் எழுதி வைக்கல, சாமி. நோட்டைப் பார்க்கச் சொல்லித்தான் எழுதி வச்சிருக்கு. பார்த்தீங்களா?"

அவர் சுட்டார்.

தகடு வெள்ளையாகவே இருந்தது. ஒரு புள்ளி இல்லை. எங்கும் இல்லை.

அப்படியென்றால் அத்தனை குண்டையும் வாங்கியது இங்கே. குழல் வாய்க்கு நேர் முன்னால். கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவள் நின்ற இடத்திலிருந்து ஒரு முழத்தில். சுண்ணாம்பின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது. கயிறு தானாக ஒரு தடவை தாழ்ந்தது, யாரோ கை ஊன்றியது போல.

அவள் பின்வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வெடிச்சுதே," என்று வெங்கிடேஸ்வரன் முனகினார். "குண்டு எங்க போச்சு?" ஏதோ வலுவாக இழுத்தது போல அவர் கயிற்றைத் தாண்டினார். தகட்டை நோக்கி நடந்தார். அவர் எழுதவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: வெங்கிடேஸ்வரன், உள்ளே போன நேரம் 4.12.

பத்து கெஜம். இருபது. முப்பது. செருப்புச் சத்தம் நின்றது.

அவருடைய காக்கி முதுகில் ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை. பக்கத்தில் இன்னொன்று. அவர் திரும்பினார். மார்பில் ஒன்று. முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரை ஒன்று, சந்தனத்தின் மேலாக. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

"சாமி," என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். சத்தமாகவே கூப்பிட்டாள்.

பிறகு குறுக்குப் பூச்சு. அவசரமே இல்லாமல். தோள் போயிற்று. கை போயிற்று. கண்கள் இரண்டும் கருப்பாக இருந்தன, அவற்றின் மேலும் ஒரு பட்டை வந்தது. தகடு எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறார் என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளை.

அவள் கால்மாட்டில் ஏதோ தொப்பென்று விழுந்தது. வாளியில் மட்டை. நீலத் துணி. சொட்டு. சொட்டு.

அவள் பக்கத்தைப் பிரித்தாள். எழுத்து கோணவில்லை. பாண்டியராஜன், வெளியே வந்த நேரம்: 4.20.

அதற்கடுத்த வரியில், வெங்கிடேஸ்வரனின் பெயருக்கு நேரே, அந்தக் கட்டம் காலியாக இருந்தது. நோட்டை ஆணியில் மாட்டிவிட்டுக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். ஒற்றை விளக்கின் கீழ், காயாத வெள்ளையில், வாய் அளவுக்கு ஒரு இடம் மெல்லக் குழிந்தது. நிரம்பியது. மறுபடி குழிந்தது.