கருப்பசாமிக்கு நிற்காத ஜீப்

"ஆத்தாடி...!"

பின்சீட்டில் மூக்கம்மாள் போட்ட அலறலில் டிரைவர் பொன்னுராஜின் பீடி மடியில் விழுந்தது.

முன்சீட்டில் தாவி ஏறிய இளைஞன் ஒருவன், பொன்னுராஜின் விலாவில் துப்பாக்கியை வைத்திருந்தான்!

"கத்துனா சுட்டுருவேன்! குமுளிக்கு விடு!"

"குமுளிக்குத்தானப்பா போறேன்... அதுக்கு எதுக்குத் துப்பாக்கி?"

கூடலூரிலிருந்து ஜீப் கிளம்பியது. மூன்றாவது ட்ரிப். இடுப்பு விட்டுப்போயிருந்தது. பின்னால் ஏழு பெண்கள்... ஏழு உயிர்!

"பேங்க் கொள்ளையா?" பொன்னுராஜ் அலுப்போடு கேட்டான்.

இளைஞனின் பை காலியாகத் தொங்கியது.

"லாக்கருக்கு ரெண்டு சாவியாம்! ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு மேனேஜர்கிட்டயாம். அந்தாளு பெர்மிஷன் போட்டுட்டு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிட்டானாம்! கூட வந்தவன் பைக்கோட எஸ்ஸாயிட்டான்!"

"எந்த ஊருப்பா?"

"சென்னை. மதன்குமார்... யோவ், பேர எதுக்குய்யா கேக்குற?"

"நான் ஊரத்தான கேட்டேன்!"

மலையடிவாரம். கருப்பசாமி கோவில் தெரிந்தது.

"தம்பி, ஒரு நிமிசம் நிப்பாட்டி காசு போட்டுக்கிறேன். மேல பூராம் கொண்டை ஊசி வளைவு..."

"நிறுத்துன... செத்த!"

"கும்பிட்டுட்டு ஓடியாந்துருவேன். ஏழு பொம்பளைக இருக்காக..."

"போலீசுக்கு சிக்னல் குடுக்கப் பாக்குறியா? மிதி!"

பெருமூச்சு விட்டான். மிதித்தான்.

வாசலில் திருநீற்றுத் தட்டோடு நின்ற பூசாரி அம்மாவாசி, வாயைப் பிளந்தார்.

சற்று நேரத்தில் பொன்னுராஜின் போன் அடித்தது.

"எடுக்காத!"

எடுக்கவில்லை.

ஐந்தாவது வளைவு. குறுக்கே... குமுளியிலிருந்து இறங்கி வந்த போலீஸ் வண்டி!

சடாரென்று பிரேக்! மதன்குமாரின் நெற்றி கண்ணாடியில் மோதியது. துப்பாக்கி கீழே விழுந்தது. பொன்னுராஜ் அதன்மேல் காலை வைத்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் ஹேமாவதி விலங்கை மாட்டினார்.

"எவன் போன் பண்ணான்?" மதன்குமார் முனகினான்.

"பூசாரி. 'இருபத்தாறு வருசத்துல பொன்னுராஜ் நிக்காம மலையேறுனதில்ல. போனையும் எடுக்கல. என்னமோ விபரீதம்'னு பதறிட்டாரு" என்றார் ஹேமாவதி.

"அப்ப... நான் நிறுத்த விட்டிருந்தா?"

"தப்பிச்சிருப்ப." பொன்னுராஜ் இடுப்பைப் பிடித்தபடி இறங்கினான். "அதான் அம்புட்டுக் கெஞ்சுனேன். கெஞ்சுனாத்தான நீ விட மாட்ட!"

மதன்குமாரைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். மூக்கம்மாள் பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏப்பா, வண்டியத் திருப்பு. கீழ போயி காசப் போட்டுட்டு வந்துருவோம். சாமி குத்தமாயிரும்!"

பொன்னுராஜ் கொட்டாவி விட்டான்.

"காசு எதுக்கு ஆத்தா? அதான் ஆளையே காணிக்கை குடுத்தாச்சே!"