விலக்கு வில்லை

2079-இல் கோயம்புத்தூரில் காலை ஆபீசுக்குக் காரில் கிளம்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். திருச்சி சாலை கடப்பதற்குள் அதைச் சாப்பிட்டு முடித்து ஒரு தூக்கமும் போடலாம். கார்கள் மேல் குற்றமில்லை. ஓட்டுநர் இல்லாத அந்தக் கார்கள் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பவை. ஒதுங்கச் சொன்னால் ஒதுங்கும்.

ஒதுங்கச் சொன்னவை எலெக்ட்ரிக் பைக்குகள். ஒவ்வொரு பைக்கின் மோட்டாரிலும் ஒரு வேகப்பூட்டு உண்டு. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் விடாது. அந்த வேகத்தில் போகிறவர்களுக்குச் சாலையின் இடது ஓரத்தில் பொதுத் தடம். உயிர் காக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் அரசாங்கம் விலக்கு வில்லை என்று ஒன்றைக் கொடுத்தது. கட்டைவிரல் அகலத்தில் ஒரு வட்டம். ஹேண்டில்பாரில் ஒட்டினால் பூட்டு திறந்துகொள்ளும், அறுபதில் பறக்கலாம். அதன் சமிக்ஞை கேட்ட மாத்திரத்தில் நடுச் சாலைக் கார்கள் ஓரங்கட்டி நிற்கும்.

நல்ல ஏற்பாடுதான். முதல் வருடம் டாக்டர்களும் தீயணைப்புக்காரர்களும் வாங்கினார்கள். இரண்டாம் வருடம் வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள். அப்புறம் வட்டச் செயலாளர்கள், அவர்களுடைய மச்சான்கள், அடுக்குமாடிச் சங்கத் தலைவர்கள், கல்யாண மண்டப மேனேஜர்கள். விதி என்றால் நம் ஆட்களுக்கு அது எப்போதும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு. நகரத்தின் நாலு லட்சம் பைக்குகளில் வில்லை இல்லாதவை வெறும் அறுநூறு.

தாமிரா வில்லை வாங்கியது நிஜமான காரணத்துக்காக. சிங்காநல்லூர் திசு வளர்ப்பகத்திலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு உறுப்பு கொண்டுபோவது அவள் வேலை. ஒரு மழைநாளில் அவள் பெட்டியில் ஓர் இதய வால்வு, நோயாளியின் சொந்த செல்லில் வளர்த்தது. நாற்பது நிமிடத்துக்குள் டாக்டர் கைக்குப் போகாவிட்டால் அது வெறும் சதை. நோயாளி கருணாகரன், ஒரு பள்ளிப் பேருந்தின் உதவியாளர், ஆர்.எஸ்.புரத்தில் ஏற்கெனவே நெஞ்சு திறந்து மேசையில் கிடந்தார். மழையில் மருத்துவ டிரோன்கள் பறக்காது. தூரம் பதினோரு கிலோமீட்டர். கணக்குப்படி பதினோரு நிமிடம்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் அவள் ராமநாதபுரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கார்கள் எல்லாம் ஒழுங்காக ஒதுங்கிவிட்டன. நடுவில் வில்லை ஒட்டிய பைக்குகள் ஆயிரம் இருக்கும். எதிர்த்திசைக்காரர்களும் அவசரம் என்று இந்தப் பக்கமே ஏறி வந்ததில் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன.

"அண்ணா, கொஞ்சம் வழி விடுங்க. ஆபரேஷனுங்க, ஆளு மேசையில கெடக்கறாரு."

பக்கத்து பைக்குக்காரர் தன் வில்லையைத் தட்டிக் காட்டினார். "எனக்கும் எமர்ஜென்சிதானுங்க அம்மிணி."

"உங்களுக்கு என்னங்க எமர்ஜென்சி?"

"மச்சினன் பொண்ணு ஜாதகம் குடுக்கோணும். நல்ல நேரம் முடியப் போகுதுங்க."

ஹெல்மெட்டுக்குள் டாக்டர் இம்மானுவேலின் குரல் வந்தது. "தாமிரா, எங்க இருக்கீங்க?"

"ராமநாதபுரம் டாக்டர். ஒரு அடி நகரல."

"இருபத்தோரு நிமிஷம்தான் இருக்கு. அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது." கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, அவர் பயந்திருந்தார்.

அப்போதுதான் அவள் இடது பக்கம் பார்த்தாள். பொதுத் தடம் காலி. கீரைக்கட்டு ஏற்றிய ஒருவர் மட்டும் இருபத்தைந்தில், அலுங்காமல், அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். வில்லை ஒட்டிய வண்டி அந்தத் தடத்தில் நுழைந்தால் மோட்டார் அணைந்துவிடும். வில்லையைப் பிய்த்தால் அது செத்துப்போகும். புதிதாக வாங்க ஒரு வருடம் அலைய வேண்டும், வில்லை இல்லாமல் இந்த வேலையும் இல்லை. தாமிரா கருணாகரனை நினைத்தாள். நகத்தால் பிய்த்து எறிந்தாள்.

முப்பத்து நாலாவது நிமிடம் பெட்டி டாக்டர் கையில் இருந்தது. மூன்றாம் நாள் கருணாகரன் இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.

வளர்ப்பகம் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. இனி எல்லா உறுப்பும் பொதுத் தடத்திலேயே போகட்டும் என்று உத்தரவு போட்டது. செய்தி வெளியே கசிந்தது. முதலில் வக்கீல்கள் பிய்த்தார்கள், பிறகு மச்சான்கள். ஒரே மாதத்தில் நகரமே வில்லையைப் பிய்த்துவிட்டுப் பொதுத் தடத்தில் இறங்கியது. அங்கே கால் வைக்க இடமில்லை. அரசாங்கம் யோசித்து, பொதுத் தடம் இனிச் சான்றிதழ் பெற்ற சாதாரண மனிதர்களுக்கு மட்டும் என்று அறிவித்தது.

தாமிரா முதல் நாளே மனுவோடு போனாள். மதியம் ஒரு சிறுநீரகம் கிளம்ப வேண்டியிருந்தது. அவளுக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சான்றிதழோடு சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள்.

"எம்.எல்.ஏ. லெட்டர் இருக்குதுங்களா?" என்றார் கவுன்ட்டர்காரர்.

"எதுக்குங்க? நான் சாதாரண ஆளுங்க."

"அதை நீங்களே சொன்னா எப்படிங்க? யாராச்சும் பெரிய ஆளு எழுதிக் குடுக்கோணுமில்லீங்க. உங்களுக்கு முன்னால போனவரு மந்திரிகிட்டயே வாங்கியாந்துட்டாரு."

தாமிராவுக்கு அப்படி யாரையும் தெரியாது. அவர் மனுவின் மேல் முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். சாதாரண மனிதர் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.