மஞ்சள் துணியில் முடிந்த ரூபாய்

கூரியர்காரர் கதவைத் தட்டியபோது குக்கர் இரண்டாவது விசிலில் இருந்தது. சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே என்ன என்று கேட்கவே வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தால் அது காசுதான்.

என் கணவர் புகழேந்திக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. அதனால்தான் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலிலேயே வீடு கட்டினோம். வெளிச்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. ஆனால் ஆன்லைன் ஏலத்தில் பழைய வெள்ளி ரூபாய் வாங்க மட்டும் அவருக்குக் கை தாராளம். ஏலம் முடிகிற கடைசி நிமிஷத்தில் போனைப் பிடித்துக்கொண்டு அவர் நெளிவதைப் பார்த்தால் பிரசவ வார்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரியே இருக்கும். நந்தினி பிறந்தபோதுகூட நீங்கள் இப்படித் தவிக்கவில்லை என்று நான் சீண்டுவேன். அது பொய். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் அவள். தீபத் திருவிழாவில் வேண்டுதலுக்குக் கரும்புத் தொட்டிலில் அவளைப் போட்டு மாட வீதி சுற்றியபோது இந்த மனுஷன் அழுத அழுகையை எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"தொடாத எழிலு, தொடாத. ஓரத்தப் புடி. கைரேகை பட்டா போச்சு."

ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய். விளிம்பில் தேன் நிறம், அதற்குள் ஊதா, நடுவில் மயில்கழுத்து நீலம். அதன்மேல் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

"இவ்ளோ அழுக்கா இருக்கு. கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்" என்றேன், வேண்டுமென்றே.

அவருக்கு உயிரே போய்விட்டது. "அழுக்கில்ல, டோனிங். எத்தினியோ வருஷம் ஒரே துணிக்குள்ள கெடந்தா வெள்ளி தானா இப்படி நிறம் மாறும். முதல்ல தேன், அப்புறம் ஊதா, கடைசில நீலம். துணியோட நெசவே பதிஞ்சிருக்கு பாரு. கெமிக்கல் வெச்சு ஏமாத்துறவன் இதப் பண்ண முடியாது."

நந்தினி எட்டிப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள். "மஞ்ச வாசன வருதுப்பா."

எனக்கும் வந்தது. பெட்டியில் பஞ்சும் பிளாஸ்டிக் கூடும் தவிர ஒன்றுமில்லை.

நந்தினிக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே வீசிங் உண்டு. மூச்சு குட்டையாக உள்ளே போய், நீளமாக விசிலடித்துக்கொண்டு வெளியே வரும். அந்தச் சத்தத்தை நூறு பிள்ளைகளுக்கு நடுவில் விட்டாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். லீவு நாள் மத்தியானங்களில் கதை சொல்லித்தான் அவளைத் தூங்க வைப்பேன். வரிக்கு வரி "ம்" கொட்டுவாள். நான் நிறுத்தினால் உடனே "அப்புறம்?" என்பாள்.

ஐப்பசி மழை பிடித்த வாரம் அவளுக்கு மூச்சு முட்டியது. நெபுலைசர் வைத்தோம், கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவளை ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவள் உதடும் நகமும் நீலமாக இருந்தன.

அந்தக் காசின் நடுவில் இருந்த அதே நீலம்.

"மருந்து வேலை செய்யணும். காத்திருந்துதான் பாக்கணும்மா" என்றார் டாக்டர். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் நேராகப் பூஜை அலமாரி முன்னால் போய் விழுந்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முடியவில்லை என்றால் மஞ்சள் நனைத்த துணியில் காசு முடிந்து வைத்து நேர்ந்துகொள்வோம். குணமானதும் அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போட வேண்டும். துணியைக் கிழித்தேன், மஞ்சளைக் குழைத்தேன். காசுக்குத் தேடினால் வீட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை. கீரைக்காரம்மாவுக்கே போனில் பணம் அனுப்புகிற காலம். பர்ஸ், டப்பா, அவர் சட்டைப் பை, எல்லாவற்றையும் கவிழ்த்தேன். ஒன்றுமில்லை.

அவருடைய அலமாரியைத் திறந்தேன். அந்த ரூபாய் மேலாகவே இருந்தது. அவர் உயிராக நினைப்பது, சாமிக்கு அதைவிடப் பெரிதாக நான் எதைக் கொடுக்க முடியும்? கூட்டை உடைத்தேன். கைரேகை படப் பட எடுத்து முடிந்தேன்.

"அண்ணாமலையாரே, எம்புள்ளையக் குடுத்துடு. கிரிவலம் வந்து இத உன் உண்டியல்ல போடுறேன்."

முடிச்சை இறுக்கினேன்.

பூட்டிய வீட்டில், எனக்குப் பின்னால், யாரோ நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

போன் அடித்தது. அவர் அழுதுகொண்டே கத்தினார். "எழிலு, கண்ணு முழிச்சிட்டா! மூச்சு சுத்தமா இருக்குதாம்!"

வீட்டுக்கு அழைத்து வந்தோம். வீசிங் இருந்த சுவடே இல்லை. மார்பில் காதை வைத்துக் கேட்டேன், அத்தனை சுத்தமான மூச்சு. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த விசிலைத் தேடி மறுபடியும் மறுபடியும் காதை வைத்தேன்.

அவள் மின்விசிறியைப் பார்த்துச் சுவரோடு ஒண்டினாள். டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே "பொழுது போச்சே, வெளக்கு ஏத்தலியா?" என்றாள். போனைக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். மத்தியானம் பக்கத்தில் படுக்க வைத்துக் கதை சொன்னேன். "ம்" வரவில்லை. கண்ணைக் கொட்டாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா கண்ணு?"

என் பக்கம் திரும்பினாள். குரல் நந்தினியுடையதுதான்.

"எங்கம்மா எப்ப வரும்?"

அன்று சாயங்காலம் அவர் அலமாரியைத் திறந்தார். உடைந்த கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"எழிலு, அதுல நெசவு பதிஞ்சிருந்துச்சே. மஞ்ச வாசன வந்துச்சே. அது ஏற்கெனவே யாரோ முடிஞ்ச காசா இருந்தா?"

ஏலத்தில் அதை விற்றவர் இராமலிங்கம் என்று ஒருவர், கீழ்பென்னாத்தூரில் பழைய வீட்டுச் சாமான்கள் வாங்கி விற்பவர். என் கணவர் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமா சார், மஞ்சத் துணி முடிப்புல இருந்ததுதான். ராணியம்மாள்னு ஒருத்தங்க வூட்டுச் சாமான். அவங்க செத்தப்புறம் புள்ளைங்க வித்துட்டாங்க. அவங்களுக்கு உண்ணாமலைன்னு ஒரு அக்கா இருந்துச்சாம். ஏழு வயசுல வெஷக் காய்ச்சல். அவங்கம்மா அந்த ரூபாய முடிஞ்சு நேர்ந்துக்கினாங்களாம். புள்ள தங்கல. போடவும் முடியல, பிரிக்கவும் மனசு வரல. முடிப்ப வெச்ச ரூம பூட்டினவங்கதான், அப்புறம் அந்தப் பக்கமே போவலியாம்."

"யாரு பிரிச்சது?"

"நான்தான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிரிச்சப்ப யாரோ மூச்சு வுட்ட மாரி இருந்துச்சு சார். என் மூச்சுதான்னு நெனச்சுக்கினேன்."

ஒரு பிள்ளைக்காக முடிந்த காசை இன்னொரு பிள்ளைக்காக முடிந்துவிட்டேன். புள்ளையைக் கொடு என்று கேட்டேன். கொடுத்தாயிற்று. முதலில் கேட்டு வைத்தவளின் பிள்ளையை.

அப்படியானால் என் பிள்ளை எங்கே?

பூஜை அலமாரியிலிருந்து முடிப்பை எடுத்து வந்தேன். அவர் முடிச்சைத் தளர்த்தி லென்ஸ் வைத்துப் பார்த்தார். தேனும் இல்லை, ஊதாவும் இல்லை, நீலமும் இல்லை. அச்சடித்து இன்றைக்குத்தான் கொடுத்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளியின்மேல் பனி படர்ந்தது. கலைந்தது. மறுபடி படர்ந்தது.

குட்டையாக ஒன்று. நீளமாக ஒன்று.

காதில் வைத்தேன். மிகத் தூரத்தில், விசிலடித்துக்கொண்டு, என் நந்தினி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கத்தியதைக் கேட்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். பிள்ளைக்கு முடியாமல் இருந்ததே, அந்த அதிர்ச்சி என்று சொல்லி அனுப்பிவைத்தார் அவர்.

மறுநாள் காலையில் விளிம்பில் தேன் நிறம் ஏறியிருந்தது. அவர் லென்ஸை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்கு வருஷக்கணக்காவும் எழிலு. ஒரே ராத்திரில வந்திருக்கு."

"நீலம் வந்துட்டா?"

அவர் காசை என் காதருகே நீட்டினார். காசுக்குள்ளிருந்து வந்த மூச்சு நேற்றைவிட மெலிந்திருந்தது. எனக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

நேர்ந்தபடி உண்டியலில் போட்டால் என் மகள் ஆயிரம் காசுக்கு அடியில் போய்விடுவாள். நேர்த்தி வேண்டாம் என்று சொன்னால், கூடத்தில் உட்கார்ந்திருக்கிற உடம்பு என்னவாகும்? அதுவும் என் பிள்ளையின் உடம்புதானே. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் பள்ளம்.

மத்தியானம் அவரே சமையலறைக்குப் போய்ப் புளி கரைத்துக்கொண்டு வந்தார். பழைய காசைத் தேய்ப்பவனைக் கொலைகாரன் என்று ஏசுகிற மனுஷன். விளிம்பில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார்.

காசுக்குள் ஒரு இருமல் வெடித்தது. கூடத்தில் அவள் "எரியுது, எரியுது" என்று தரையில் புரண்டாள்.

இரண்டும் ஒரே நேரத்தில்.

காசைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு அவர் சுவரில் முகத்தை வைத்து அழுதார். நான் அழவில்லை. நெபுலைசரை எடுத்தேன், மருந்தை ஊற்றினேன். முடிப்பைத் தலையணைமேல் வைத்து, நந்தினியின் மாஸ்க்கை அதன்மேல் கவிழ்த்தேன். மிஷின் கரகரவென்று ஓடியது, புகை மஞ்சள் துணிக்குள் இறங்கியது. பைத்தியக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். விசில் கொஞ்சம் தணிந்தது.

நிமிர்ந்தபோது அவள் கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

மெதுவாக வந்து எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நந்தினி ஒருநாளும் அப்படி உட்கார்ந்தவள் இல்லை. முடிப்பைத் தொடாமல், அதன் பக்கத்தில் கையை வைத்தாள்.

"உள்ள ஒரே இருட்டு" என்றாள். "குளுரும்."

போர்வையை இழுத்து முடிப்பைச் சுற்றி வைத்தேன்.

"பேச்சு குடு. வெளியில பேசினா உள்ள கேக்கும். எங்கம்மா பேசவே இல்ல."

அவளை அடிக்க வேண்டும் போலவும் அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் முடிப்பின் பக்கம் குனிந்தேன். லீவு நாளில் பாதியில் நின்றுபோன கதை ஒன்று இருந்தது, வழி தெரியாமல் மலையைச் சுற்றிக்கொண்டே இருந்த ஒரு ஆட்டுக்குட்டியின் கதை. அதைத் தொடங்கினேன்.

"அந்தக் குட்டி அடி அண்ணாமலை வரைக்கும் வந்துச்சா..."

மிஷினை நிறுத்தினேன். வீடு அடங்கிக் கிடந்தது.

துணிக்குள்ளிருந்து, "ம்."

அன்றிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். நான் ஓய்ந்தால் அவர் சொல்கிறார், அவருக்குக் கதை வராது, ஏலத்தில் தோற்ற காசுகளைப் பற்றிச் சொல்கிறார். பேசுகிற வரைக்கும் தேன் நிறம் தேனாகவே நிற்கிறது. ஒருநாள் இரண்டு பேரும் அசந்துவிட்டோம். விழித்தபோது அதற்குள் ஊதா ஏறியிருந்தது. அது திரும்ப இறங்கவில்லை.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டம் போகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. அவள் பாவாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு, தலைவாரி, வாசலில் வந்து நின்றாள். "நேர்ந்துக்கினத போட வேணாவா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் வஞ்சமே இல்லை, பிழைக்க ஆசைப்படுகிற பிள்ளை அது. நான் முடிப்பை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு கதவைத் தாழிட்டேன். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த பௌர்ணமிக்கும் கேட்பாள்.

இன்று மத்தியானம் கதை தீர்ந்துபோயிற்று. ஆட்டுக்குட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி எனக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் அவள் சீரான மூச்சோடு தூங்கிக்கொண்டிருந்தாள். காசை லென்ஸில் பார்த்தேன். நடுவில், கடுகளவு, நீலம்.

காசைத் துணியில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, வாயைப் பொத்தி அழுதேன்.

நெஞ்சோடு ஒட்டியிருந்த மஞ்சள் துணி லேசாக ஈரமானது, உள்ளிருந்து யாரோ வாயை ஒட்டி வைத்தது போல.

"அப்புறம்?"