கடலோரத்துக் காலி மனை

அந்தத் தெருவில் காலியாகக் கிடந்த மனை அது ஒன்றுதான்.

இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பங்களாக்கள். கண்ணாடிச் சுவர், நீச்சல் குளம், சீவி வைத்த மாதிரி புல்தரை. விடுமுறைக்கு மட்டும் ஆள் வந்து போகிற வீடுகள். நடுவில் ஒரு துண்டு மணல், அதற்குப் பின்னால் கடல். பல் டாக்டரான அவளுக்கு, வரிசையில் ஒரு பல்லை மட்டும் பிடுங்கிய ஈறு மாதிரி இருந்தது அந்த இடம்.

அவள் கணவர் மனையைப் பார்த்ததுமே அதில் மயங்கிப் போனார். கப்பலில் வேலை பார்த்தவர் என்று பேர்தான். சர்வீஸ் முழுக்க இன்ஜின் அறையிலேயே போய்விட்டது. ஊரில் இருக்கிறவர்கள் பார்த்த கடலைக்கூடத் தான் பார்த்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பார். இனிமேலாவது படுக்கையில் படுத்தபடி கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

தரகர் ரோட்டிலேயே நின்று எல்லையைக் கைகாட்டினார். உள்ளே வரவில்லை. ஷூவுக்குள் மணல் போய்விடுமாம்.

அவள் மட்டும் மனையின் நடுவுக்குப் போனாள்.

கடல் சத்தம் நின்றுவிட்டது.

படிப்படியாகக் குறையவில்லை. யாரோ கதவைச் சாத்தியது போல் பட்டென்று நின்றது. கண் எதிரே அலை எழுந்து விழுகிறது, ஓசை மட்டும் இல்லை. அடைத்துக் கிடந்த அறையில் ஈரத்துணி புழுங்கும் வாசனை மூக்கில் ஏறியது. பதறிப் பின்வாங்கியதும் அலைச் சத்தம் திரும்ப வந்து காதில் மோதியது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவரிடம் சொன்னாள். காற்றில் காது அடைத்திருக்கும் என்றார். மனையை வாங்கினார்கள்.

பத்திரம் முடிந்த பிறகுதான் பக்கத்து பங்களாக்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சுக் கொடுத்தாள். இந்த பங்களாக்கள் எல்லாம் வருவதற்கு முன்னால் அந்த மனையில் ஒரு சின்ன வீடு இருந்ததாம். ஒருநாள் கடல் உள்ளே வந்திருக்கிறது. தெருவே ஓடியபோது அந்த வீட்டுப் பெண் மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே போன புருஷன் வந்து தேடுவார், அவர் வராமல் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"வந்தாரா?" என்று கேட்டாள் இவள்.

பக்கத்து வீட்டம்மா தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்று செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாள்.

அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அன்று ராத்திரி மழை. காலையில் வந்து பார்த்தால் கோடுகள் கரைந்து போயிருந்தன. ஈர மணல் முழுக்க வெறுங்கால் தடங்கள். சின்னக் கால், பெண்ணின் கால். ரோட்டிலிருந்து வரவில்லை, கடலிலிருந்தும் வரவில்லை. மனைக்குள்ளேயே தொடங்கி மனைக்குள்ளேயே முடிந்தன. நேராகப் போய், சுவர் குறுக்கிட்டது போல் சட்டென்று திரும்பின. ஓரிடத்தில் எதையோ தாண்டுவது போல் அகலமாக எட்டு வைத்திருந்தன. கடல் பக்க மூலையில் வெகுநேரம் நின்று வேலை செய்தது போல் மணல் அமுங்கியிருந்தது. அது சமையல்கட்டு என்று அவளுக்குப் புரிந்தது. அங்கிருந்து வெளியே போகும் கொல்லை வாசல் இருந்த இடமும் தெரிந்தது.

வாட்ச்மேன் வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்றார் கணவர். அந்தத் தெரு வாட்ச்மேனுக்குக் குடும்பம் கிடையாது.

அதற்குப் பிறகு கணவர் தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி. கடலுக்காக வாங்கிய மனையில் கடலைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்கு உறுத்தியது. ஒருநாள் கூட்டிவரப் போனாள். எழுந்து நேராக வராமல், எதையோ சுற்றிக்கொண்டு, வளைந்து வந்தார். ரோட்டை நெருங்கும்போது தலையைக் குனிந்தார்.

வெட்டவெளியில்.

"எதுக்குங்க குனிஞ்சீங்க?"

"வாசல் நிலை இடிக்கும்ல," என்றார் சாதாரணமாக. சொன்னது அவருக்கே உறைக்கவில்லை.

அன்றைக்கே தரகருக்குப் போன் செய்து மனையை விற்றுத் தரச் சொன்னாள். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. வாய்ச்சண்டை வந்தது. மறுநாள் சாப்பிடாமல் கிளம்பிப் போனவர் போனை எடுக்கவில்லை. க்ளினிக்கில் காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அவள் காரை எடுத்தாள்.

உச்சிவெயில். மனையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டாள். திரும்பவில்லை. கிட்டே போனபோதுதான் பார்த்தாள், அவர் கை எதிரே இருந்த வெறுங்காற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

சட்டை நனைந்திருந்தது. இடுப்பு வரை. பிறகு மார்பு வரை.

காலடி மணல் காய்ந்து கிடந்தது.

ஓடிப்போய்க் கையை நீட்டினாள். விரல் சுவரில் இடித்தது. கண்ணுக்குத் தெரியாத சுவர். சில்லென்று, ஈரமாக, பாசி வழுக்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மெதுவாகப் பேசினாள். கோபமே இல்லாத குரல். நிம்மதியான குரல்.

"வந்துட்டீங்க. இனிமே கதவைத் திறக்க வேணாம்."

அவர் தாடை வரை ஈரம் ஏறிவிட்டது. மூச்சுக்குத் தலையை அண்ணாந்தார்.

அவளுக்குச் சமையல்கட்டு ஞாபகம் வந்தது. சுவரைத் தடவிக்கொண்டே கடல் பக்கம் ஓடினாள். கை ஓரிடத்தில் வெறுமையில் விழுந்தது. உள்ளே புகுந்தாள். கடல் சத்தம் அறுந்தது. நீருக்குள் நடப்பது போல் கால் கனத்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்த இடத்தில் கண் இருட்டியது. துழாவிய கையில் ஒரு மணிக்கட்டு அகப்பட்டது. அதைப் பிடித்த பிடியில் இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள்.

அவர் இருமி இருமி உப்புத் தண்ணீராகக் கக்கினார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். மனைக்குள் யாரோ நடமாடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அலைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கடல் பேச்சையே எடுக்கவில்லை. மனையை விற்றுவிடு என்று அவரே சொன்னார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு அனுசரணையாக இருந்ததில்லை. கேட்காமலே வீட்டு வேலையில் கூடமாட நின்றார். அவளுக்கும் மெல்ல மெல்ல உயிர் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தரகர் போன் செய்தார். மனையிலிருந்துதான் பேசினார். குரலில் எரிச்சல்.

"மேடம், நீங்க விக்கணும்னு சொன்னதாலதான் பார்ட்டியக் கூட்டிட்டு வந்தேன். சார் இங்க நின்னுக்கிட்டு, குடும்பம் இருக்கற வீடு, கொடுக்கறதா இல்லைங்கறாரு. பேசிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஹாலில் நின்று அவளுடைய வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த சார்?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"இதோ, எதிர்லதான் நிக்கிறாரு. பேசுங்க."

போன் கைமாறும் சத்தம். அலைச் சத்தம் சட்டென்று அறுந்தது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல், கணவரின் குரல் கேட்டது.

"நான் உள்ளேதாம்மா இருக்கேன். நீ யார் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போன?"

அவளுக்குப் பின்னால் இஸ்திரி போடும் சத்தம் நின்றது.