அப்பாவுக்கு ஒரு பக்கெட் வெந்நீர்

மார்கழி மாதம். கோவில்பதாகையில் அன்று காலை பனி கொட்டியது. ஃபெபியின் அம்மா ஞானசௌந்தரி, அடுப்பிலிருந்து வெந்நீர்க் குண்டானை இறக்கிக் குளியலறைக்குத் தூக்கிப் போனார். வாசற்படி காலில் தட்டியது. வெந்நீர் தளும்பிச் சிதறியது.

"ஐயோ ஆண்டவரே!"

ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஃபெபி ஓடிப்போய், அம்மாவின் காலில் பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். நல்லவேளை, கட்டைவிரல் சிவந்ததோடு போயிற்று.

சாயங்காலமே அப்பா டேவிட், எலக்ட்ரீசியன் தங்கராஜைக் கூட்டிவந்தார். தங்கராஜ் குளியலறையை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார், மேல பரண் இடிக்கிது. டேங்க் வெச்ச ஹீட்டருக்கு எடமே இல்ல. சின்னது ஒண்ணு கீது, இன்ஸ்டன்ட். கொழாவத் தொறந்தா ஒடனே சூடா வரும். மெதுவாத்தான் வரும், ஆனா வந்துகினே இருக்கும். தனியா ஒரு ஒயர் இழுக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அப்பா.

தங்கராஜ் போனதும் அம்மாவிடம் சொன்னார்: "குளிரு ரெண்டு மாசம்தான். அதுக்காகச் செவுத்தக் குடைஞ்சு ஒயர் இழுக்கணுமா? நான் பச்சத் தண்ணியிலதான் குளிக்கிறேன். எனக்கு அதான் புடிக்கும்."

"உங்களுக்குப் புடிச்சா எங்களுக்கும் புடிக்கணுமா?" என்றார் அம்மா.

அப்பாவுக்குத் திருமழிசையில் ஒரு லேத் பட்டறையில் இரவு ஷிப்ட். காலை ஆறரைக்குத்தான் வீடு திரும்புவார். மறுநாள் அவர் குளிக்கப் போனபோது ஃபெபி கவனித்தாள். நான்கே சொம்பு. அவசரமாக வெளியே வந்தார். கைரேகைகளில் கிரீஸ் கறுப்பு அப்படியே இருந்தது.

"புடிக்கும்னா, ஏன்ப்பா பல்லு டைப் அடிக்குது?"

"அது... சும்மா" என்று சொல்லிவிட்டு அப்பா போர்வைக்குள் புகுந்துகொண்டார்.

சனிக்கிழமை. ஃபெபியின் வெந்நீர் பக்கெட்டில் தயாராக இருந்தது.

"அம்மா, இத அப்பாவுக்கு வெச்சிடும்மா" என்றாள் ஃபெபி. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி, பல்லி வுயுந்திடுச்சா?" என்று கேட்டார்.

அப்பா வந்தார். பக்கெட்டில் ஆவி பறந்தது.

"இது யாரு தண்ணி?"

"உங்களுதுதான். நான் கு... குளிச்சிட்டேன்" என்றாள் ஃபெபி, நடுங்கிக்கொண்டே.

அன்று அப்பா நிதானமாகக் குளித்தார். வெளியே வந்ததும் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். கறுப்பு போயிருந்தது.

"விடிய விடிய நின்ன காலு. இப்பதான் வலி எறங்குது" என்றார்.

"அப்போ பச்சத் தண்ணிதான் புடிக்கும்னு சொன்னது?"

அப்பா அசடு வழிந்தார். "எனக்கும் வெந்நீர் வேணும்னா, உங்க அம்மா இன்னொரு குண்டான் தூக்கணுமே, கண்ணு. அதான் அப்படிச் சொன்னேன்."

சமையலறையில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"கொழாயிலயே சூடா வந்தா, யாருமே தூக்க வேணாமேப்பா!" என்றாள் ஃபெபி.

 அப்பா போனை எடுத்தார். "தங்கராஜ், அந்தச் சின்ன ஹீட்டரையே மாட்டிடலாம்."

புதன்கிழமை ஹீட்டர் வந்தது. வியாழன் காலை, முதலில் அப்பாதான் குளித்தார். குளித்துவிட்டு வந்து, கதகதப்பான கையை ஃபெபியின் கன்னத்தில் வைத்தார். "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார்.

அடுத்து அம்மா போனார். பத்து நிமிஷம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று.

"ஞானம், தோசை?" என்று அப்பா கதவைத் தட்டினார்.

"இன்னிக்கு நீங்களே ஊத்துங்க! எனக்கு வெளிய வர மனசே இல்ல!"

அப்பா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல், ஓரமெல்லாம் பிய்ந்த ஒரு தோசை தட்டில் விழுந்தது. ஃபெபி அதை ஒரு விள்ளல் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணுப்பா!" என்று தட்டை நீட்டினாள்.